வாசலில் சொல்ல வேண்டிய வார்த்தை

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணனுடைய படத்துக்குக் கீழே ‘அஞ்சா நெஞ்சர்’ என்று போடலாம் என எங்கள் சித்தப்பா மகன் எழுதிக் கொண்டுவந்தான். அச்சகத்துக்குப் போகும் முன்பே நான் அதை அடித்துவிட்டேன். அண்ணனிடம் ஒரு முறையாவது வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் அதைப் படித்திருந்தால் துக்கத்தையும் மறந்து சிரித்திருப்பார்கள். எங்கள் அண்ணன் பயந்தவர். சின்ன வயதிலிருந்து கடைசி மூச்சுவரை பயந்தவர். நசரத்பேட்டை நெடுஞ்சாலை ஓரத்தில் அவருடைய கிளினிக்குக்கு வழி கேட்டால், “பயந்தாங்குளி டாக்டரா? தோ, அந்த டீக்கடைக்குப் பக்கத்துல” என்றுதான் கை காட்டுவார்கள். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத என்னால் ஆகாது. நான் தமிழாசிரியை. பிழை திருத்துவது என் தொழில்.

செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கே அண்ணன் மூத்தவராகப் பிறந்தார், என்னைவிட ஆறேழு வயது பெரியவர். ஏரிக்கரையிலேயே வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கமாட்டார். நாய் குரைத்தால் என்னை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் வருவார். பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் முதல் மாணவராகத் தேறி, பட்டணத்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது, “பொணத்தப் பாத்தா ஓடி வந்துடுவான்” என்று அப்பாவே சொன்னார். அண்ணன் ஓடி வரவில்லை. முதல் மாதம் முழுக்கச் சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாக வந்து நின்றார், அவ்வளவுதான். “பயமா இருந்துச்சு, ஆனா பாடம் புரிஞ்சுது” என்றார். அவருடைய வாழ்க்கையை அந்த ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது.

படிப்பு முடிந்து சில காலம் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் நசரத்பேட்டைக்கே வந்து கிளினிக் திறந்தார். முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையும் இரண்டு பெஞ்சுகளும், பின்னால் வீடு. அண்ணி வந்தார், பிள்ளை பிறந்தான். என் கணவர் தவறிய பிறகு நானும் அந்த வீட்டோடு வந்து சேர்ந்தேன். பூந்தமல்லியில் எனக்குப் பள்ளிக்கூட வேலை. மாலையில் திரும்பி வந்தால் கிளினிக் வழியாகத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அதனால் அண்ணனின் வைத்தியத்தை நான் பார்த்ததும் கேட்டதும் அதிகம்.

நம் பக்கத்து ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் “போயிட்டு வரேன்” என்போம். வெறுமனே “போறேன்” என்றால் பெரியவர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வாசலிலும் சாவு வீட்டிலும் மட்டும் “வரேன்” என்ற சொல் வாயிலிருந்து வரக்கூடாது. சொன்னால் நோய் திரும்பி வரும், சாவு திரும்பி வரும். ஆகவே அண்ணனிடம் வந்தவர்கள் மருந்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் நழுவிவிடுவார்கள். அண்ணனும் “வாங்க” என்று சொல்லமாட்டார். “சரியாயிடும்” என்பார். எல்லா டாக்டர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

அப்படி ஒருநாள் நழுவிப் போனவள் கன்னியம்மா. செம்பரம்பாக்கத்திலிருந்து ஏரி மீனைக் கூடையில் சுமந்து வந்து நசரத்பேட்டையில் விற்கிறவள். அன்றைக்குக் கூடைக்குப் பதில் இடுப்பில் மகனைத் தூக்கி வந்தாள். முதல் நாள்தான் ஜுரம். அண்ணன் தொட்டுப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். கொஞ்சம் சிவந்திருந்தது. சிரப் கொடுத்து, “சரியாயிடும்மா” என்றார். அவள் போய்விட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அண்ணி என்னவென்று கேட்டார்.

“அந்தப் புள்ள வாயத் தொறன்னதும் தொறந்துடுச்சு” என்றார் அண்ணன்.

“நல்ல புள்ள” என்றேன் நான்.

“அந்த வயசுல எந்தப் புள்ளயும் தொறக்காது. கத்தும், உதைக்கும், ஸ்பூனத் தட்டி விடும். இது என்ன பண்ணாலும் பேசாம இருந்துச்சு. நான் அத அடக்கம்னு நெனச்சேன். அது அடக்கம் இல்ல, அதுக்குத் தெம்பு இல்ல.”

அவளுடைய வீடு எங்கே என்று அவருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எந்த டாக்டரும் அதையெல்லாம் கேட்பதில்லை. மறுநாள் காலையில் மீன் விற்கும் இடத்தில் போய் நின்று பார்த்தார். கன்னியம்மா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. புள்ளைக்குச் சரியாகியிருக்கும், அதனால்தான் வரவில்லை என்று நான் ஆறுதல் சொன்னேன். அண்ணன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. “குணமானவங்களும் திரும்பி வரமாட்டாங்க, பாப்பா. செத்தவங்களும் திரும்பி வரமாட்டாங்க. இங்க உக்காந்திருக்கற எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியும்” என்றார். கிளினிக்கின் பெஞ்சு காலியாக இருந்தால் அதுவரை அதை ஓய்வு என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து காலிப் பெஞ்சைப் பார்த்தால் எனக்கும் பயம் வந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து கன்னியம்மா வந்தாள். கையில் மீன் முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. அண்ணன் கட்டுப் போட்டுவிட்டு, மெதுவாகப் பையனைப் பற்றிக் கேட்டார்.

“தங்கல சார்” என்றாள். கோபமோ அழுகையோ இல்லை. “ரெண்டு நாள் கெடந்துச்சு. அப்பால இழுப்பு வந்து அப்டியே பூட்ச்சு.”

“ஏம்மா கொண்டு வரல?”

“நீதான் சொன்னியே சார், சரியாப் பூடும்னு. டாக்டரே சொல்லிட்டாரு, இன்னாத்துக்கு மறுபடியும் அங்க போயி நோவ இழுத்துகினு வரணும்னு எங்க மாமியா சொல்லிச்சு. நானும் கம்முனு இருந்துட்டேன்.”

அவள் அண்ணனைக் குறை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கொஞ்சமாவது தாங்கியிருப்பார். டாக்டர் பேச்சை நம்பி அவள் வீட்டிலேயே இருந்தாள், அதுதான் அவரைக் கொன்றது. இந்தச் சம்பவத்தை மலரில் எழுத வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் பலர் தடுத்தார்கள். அண்ணன் இதை எந்நாளும் யாரிடமும் மறைத்ததில்லை. மற்ற டாக்டர்கள் முன்னிலையிலேயே எழுந்து நின்று சொன்னவர் அவர். அவர் மறைக்காததை நான் எதற்கு மறைக்க வேண்டும்?

அதற்குப் பிறகு கிளினிக்கின் நடைமுறையே மாறிப்போனது. யாராக இருந்தாலும் எழுந்து போகும்போது “வரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சும்மா சொன்னால் போதாது. எப்போது வருவேன், என்ன ஆனால் அதற்கு முன்பே வருவேன் என்று நோயாளி தன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளையைத் தூக்கி வந்த தாய்மார் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொல்வார்கள்: “கொழந்த தண்ணி குடிக்கலன்னா வரேன். ஒண்ணுக்குப் போவலன்னா வரேன். எழுப்புனா முழிக்கலன்னா வரேன். மூச்சு வாங்குனா, இழுப்பு வந்தா ஓடியாரேன். ஜுரம் விட்டும் கொழந்த தொவண்டு கெடந்தா, கை கால் ஜில்லுனு போச்சுன்னா அப்பவே வரேன்.” சொல்லி முடித்த பிறகுதான் மருந்து கைக்கு வரும். வீடு எங்கே, பக்கத்தில் என்ன கடை, அவசரத்துக்குத் தூக்கி வர யார் இருக்கிறார்கள், கடைசி பஸ் எப்போது என்றெல்லாம் கேட்பார். கேட்டதை மறக்கவும் மாட்டார்.

இந்த வழக்கம் எளிதில் ஊருக்குள் இறங்கவில்லை. ஒரு லாரி ஷெட் முதலாளி, நெஞ்சு அடைக்கிறது என்று வந்தவர், பெஞ்சிலிருந்து எழுந்து கத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “இன்னா சார் நீ, வாய்ல நல்ல வார்த்தயே வராதா? ஆஸ்பத்திரிக்கு எவனாவது வரேன்னு சொல்வானா? எனக்கு கேஸ்தான் சார். ஒரு சோடா குடிச்சா ஏப்பம் வந்து சரியாப் பூடும்.”

“கேஸா இல்லையான்னு நான் சொல்றேன். நடந்தா வலிக்குதா? உக்காந்தா நிக்குதா?”

“ஆமா. அதுக்கு இன்னா இப்போ?”

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. வாயுத் தொல்லைக்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் ‘கேஸ்’ என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குப் பாம்பைக் கண்டதுபோல. நெஞ்சுவலி, தோள்பட்டை வலி, தாடை வலி எல்லாவற்றையும் ஜனங்கள் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவார்கள். நோயாளி நோய்க்கு வைக்கும் பெயரை டாக்டர் அப்படியே வாங்கிக்கொள்ளக்கூடாது, பெயரைத் தள்ளிவிட்டு எங்கே, எப்போது, என்ன செய்யும்போது என்று கேட்க வேண்டும் என்பார். அந்த முதலாளியை அன்றைக்கே பட்டணத்துக்கு அனுப்பிவைத்தார். அவர் அண்ணனைத் திட்டிக்கொண்டே போனார். பிழைத்து வந்த பிறகும் திட்டினார், ஆனால் எழுந்து போகும்போது மட்டும் தவறாமல் “வரேன்” என்பார்.

எல்லோரும் அப்படி இல்லை. கூட்டம் குறைந்தது. “ஒண்ணுமில்ல, போ” என்று முதுகில் தட்டி அனுப்பும் டாக்டர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது, பயமுறுத்தும் டாக்டரிடம் யார் வருவார்கள்? அண்ணி கவலைப்பட்டார். நான் கேலி செய்தேன். அண்ணன் மாறவில்லை.

அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் இந்த வட்டாரத்து டாக்டர்கள் அவ்வப்போது கூடிப் பேசுவார்கள். ஒருமுறை, தினசரி வைத்தியத்தில் கவனிக்க வேண்டியவை என்று அண்ணனைப் பேசச் சொன்னார்கள். குடும்பத்தோடு சாப்பாடு என்பதால் அண்ணியும் நானும் போயிருந்தோம். அண்ணனுக்கு மேடை என்றாலும் பயம். கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே பேசினார். “நம்மகிட்ட வர ஜுரத்துல பாதிக்கு மேல தானாவே எறங்கிடும். நம்ம மருந்துலதான் எறங்குச்சுன்னு ஜனங்க நம்புவாங்க, நாமளும் நம்பிடுவோம். அதுக்கு நடுவுல ஒரு ஜுரம் வேற மாதிரி இருக்கும். முதல் நாள்ல ரெண்டுக்கும் ஒரே முகம். அத முதல் நாள் கண்டுபிடிக்க என்னால முடியாது, உங்களாலயும் முடியாது. ரெண்டாம் நாள் முடியும். அந்தக் கொழந்த ரெண்டாம் நாள் நம்மகிட்ட வந்தா முடியும். அது வர வழிய நாமதான் போட்டு வெக்கணும். பெத்தவ ‘எம் புள்ள எப்பவும் மாதிரி இல்ல’ன்னு சொன்னா, உங்க தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் அவ சொல்றத நம்புங்க.”

பூந்தமல்லியில் புதிதாகக் கிளினிக் போட்டிருந்த இளம் டாக்டர் ஒருவர் எழுந்தார். “சார், தைரியம் சொல்றதுக்குத்தானே டாக்டர்? வாசல்லயே நிறுத்தி இத்தன பயமுறுத்தினா, பேஷண்ட் நம்ம மேல வெச்ச நம்பிக்கையே போயிடுமே. நீங்க மொதல்ல உங்க பயத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கணும் சார்” என்றார். மண்டபமே சிரித்தது. எனக்கு எழுந்து போய் அந்தப் பையனின் காதைத் திருக வேண்டும் போல இருந்தது.

அண்ணன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “ஒரு தடவ நானும் தைரியத்த மருந்தோட மடிச்சுக் குடுத்தேன். அந்தப் புள்ள அத நம்பியே செத்துப்போச்சு” என்று சொல்லிவிட்டு, நடந்ததைச் சொல்லி முடித்து, உட்கார்ந்துவிட்டார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் அவரோடு பேசவும் யாரும் வரவில்லை.

இதில் ஒரு விஷயம் எங்கள் வீட்டாருக்கு மட்டும் தெரியும். ஊரையே “வரேன்” சொல்ல வைத்த அண்ணன், கன்னியம்மாவிடம் மட்டும் அதைக் கேட்டதே இல்லை. அவள் தொடர்ந்து அவரிடம்தான் வந்தாள். ஆனால் அவள் எழுந்து போகும்போது அண்ணன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த வாயால் கேட்பது என்று நினைத்தாரோ என்னவோ. அவளும் பழையபடி ஒன்றும் சொல்லாமல் போவாள்.

பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. செல்வி என்று பெயர். அந்தக் குழந்தை தும்மினால்கூட அண்ணன் இரவெல்லாம் புரள்வார். செல்வி ஓடி விளையாடும் வயதுக்கு வந்த ஓர் ஐப்பசி மாதம், விடாத மழை. கன்னியம்மா குழந்தையைப் புடவைத் தலைப்பால் மூடித் தூக்கி வந்தாள். நான்கு நாளாக ஜுரம். மாமியார் கைவைத்தியம் பார்த்துவிட்டுக் கடைசியில் அனுப்பியிருக்கிறாள். அண்ணன் டார்ச்சை எடுத்ததும் செல்வி அவர் கையைத் தட்டிவிட்டுக் கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டு அண்ணனின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. ஆனாலும் வயிற்றை அமுக்கினால் வலிக்கிறது, கண்கள் சிவந்திருக்கின்றன, கை மேல் சின்னச் சின்னப் புள்ளிகள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் வந்ததும் சொல்கிறேன் என்றாள் அவள். எவ்வளவு சொல்லியும் தனியாகப் பட்டணம் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவள் எழுந்தாள். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை என்பதால் நான் அங்கேயே நின்றிருந்தேன். அண்ணன் இந்த முறை மேஜையைப் பார்க்கவில்லை.

“கன்னியம்மா, நில்லு. சொல்லிட்டுப் போ” என்றார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் சொன்னது, செத்த பிள்ளை, எல்லாம் அவள் முகத்தில் ஓடியது எனக்கே தெரிந்தது.

“நல்லா ஆவட்டும்னுதான் சார் எல்லாரும் அத சொல்லாம போறோம்” என்றாள்.

“தெரியும்மா. எனக்குத் தெரியும். ஆனா நீ அன்னிக்கு வரல.”

அவள் அழுதாள். பிள்ளை செத்ததைச் சொன்னபோது அழாதவள் அப்போது அழுதாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில், “ஜுரம் வுட்டும் தொவண்டு கெடந்தா, கை கால் ஜில்லுனு ஆனா, வரேன் சார். எப்டியும் இருட்டறதுக்குள்ள ஒருவாட்டி தூக்கியாந்து காட்டறேன்” என்றாள்.

மழை நிற்கவில்லை. ஏரியில் உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பிற்பகலுக்குமேல் நெடுஞ்சாலையில் பஸ் நின்றுபோனது. கிளினிக் வாசலில் கணுக்கால் வரை தண்ணீர். அண்ணன் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தார். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும், “பாப்பா, குடைய எடு” என்றார்.

“எங்கண்ணா? அவ இந்தத் தண்ணியில எப்படி வருவா?”

“அதனாலதான் போறேன்.”

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவர் சொல்கிறார். ஸ்கூட்டர் கொஞ்ச தூரத்திலேயே இருமி நின்றது. அதை ஒரு கடை ஓரம் சாய்த்துவிட்டு நடந்தோம். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அண்ணன் என் தோளைப் பிடித்திருந்த பிடியில் மறுநாள் எனக்கு அங்கே கன்றிப்போயிருந்தது. அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. சாமி பெயர் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். “வரேன்னு சொல்லியிருக்கா, வரேன்னு சொல்லியிருக்கா” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவ்வளவு பயந்தது என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. எங்களைத் தண்ணீர் கொண்டுபோகும் என்ற பயத்தைவிட, அந்தக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன பார்ப்போம் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

குடிசைவரை போக வேண்டியிருக்கவில்லை. எதிரே, மீன் கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, தோளில் குழந்தையோடு தண்ணீரைத் தள்ளித் தள்ளி அவள் வந்துகொண்டிருந்தாள்.

“ஜுரம் வுட்டுப்போச்சு சார்” என்று தூரத்திலிருந்தே கத்தினாள். “எங்க மாமியா சரியாப் பூட்ச்சு, எங்கயும் போவாதன்னுச்சு. கை ஜில்லுனு கீது சார். கூப்ட்டா கண்ண தொறக்க மாட்டேங்குது. உங்கிட்ட வரேன்னு சொல்லிட்டனே, அதான் வந்துகினே கீறேன்.”

அண்ணன் செல்வியின் பாதத்தைத் தொட்டார். என்னைப் பார்த்தார். ஶ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து ஒரு பால் வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அண்ணன் நடுச்சாலையில் இரண்டு கையையும் விரித்து நின்றார். நாய்க்குப் பயந்து என்னை முன்னால் விட்ட அதே அண்ணன்தான். வண்டி நின்றது. கிளினிக்கில் நிறுத்தி, தேடித் தேடி அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு பிடித்து சலைன் ஏற்றினார். பட்டணம் போய்ச் சேரும்வரை பாட்டிலை நான் தூக்கிப் பிடித்திருந்தேன். வழியெல்லாம் அண்ணன் குழந்தையின் விரலை அமுக்கி அமுக்கி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தபடி வந்தார். மதுரவாயல் தாண்டியபோது செல்வி முனகினாள். அதன் பிறகு அழுதாள். குழந்தை அழுததற்காகக் கண்ணீர் விட்டுச் சிரித்த கூட்டம் அந்தப் பால் வண்டியில் நாங்கள் மட்டும்தான் இருந்திருப்போம். பெரிய ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். ஜுரம் விட்ட நேரம்தான் இந்த நோயில் ஆபத்தான நேரம் என்று அண்ணன் கன்னியம்மாவுக்கு அப்போதுதான் விளக்கிச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் வாசலில் முரண்டு பிடிக்கவில்லை. “பயந்தாங்குளி டாக்டர்” என்ற பெயர் மட்டும் போகவில்லை, ஆனால் அதைச் சொல்லும் குரல் மாறியிருந்தது.

அண்ணனுக்கு வயிற்றில் வலி வந்தது போன வருடத்துக்கு முந்தைய வருடம். அவர் அதை கேஸ் என்று சொல்லித் தள்ளவில்லை. பயந்தார், உடனே போய்க் காட்டினார். கணையத்தில் என்றார்கள். நேரத்தோடு போனால் பிழைக்கலாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் நேரத்தோடுதான் போனார். இருந்தும் பலனில்லை. இதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சில மாத வைத்தியத்துக்குப் பிறகு, அங்கிருந்த பெரிய டாக்டர், மரியாதைக்குக் குறைவில்லாமல், “இனிமே நீங்க இங்க வர வேண்டாம் டாக்டர். வீட்டுலயே இருங்க” என்றார்.

காரில் வரும்போது அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வானகரம் வந்ததும், “வராதன்னு சொல்லிட்டாரு பாப்பா” என்றார். “நான் யாரயும் அப்படிச் சொன்னதில்ல, இல்ல?”

“இல்லண்ணா” என்றேன்.

“எனக்குப் பயமா இருக்கு.”

வாழ்நாள் முழுக்கப் பயந்தவர்தான். ஆனால் அதைத் தனக்காகச் சொன்னது அன்றைக்குத்தான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை ஒருவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். அம்பத்தூர் மண்டபத்தில் அண்ணனைக் கேலி செய்த அதே பூந்தமல்லி டாக்டர். தலையில் நரை வந்திருந்தது. அண்ணனின் நாடியைப் பார்த்தார், வலிக்கு ஊசி போட்டார், வாய் உலராமல் எப்படித் துடைப்பது, படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்புவது என்று அண்ணிக்கும் எனக்கும் சொல்லிக் கொடுத்தார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். “நாளைக்கு சாயந்தரம் வரேன் சார். நடுவுல வலி அதிகமானா சொல்லி அனுப்புங்க, உடனே வரேன்” என்றார்.

அண்ணனின் முகத்திலிருந்த பயம் போய்விடவில்லை. ஆனால் கொஞ்சம் இறங்கியது, நான் பார்த்தேன். அந்த டாக்டர் ஒரு மாலைகூடத் தவறவில்லை. குணப்படுத்த ஒன்றுமே இல்லாத வீட்டுக்கு, “வரேன்” என்று சொல்லிச் சொல்லி வந்தார். அந்த வார்த்தைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பது அண்ணனே அறியாதது. கடைசி நாளில் அண்ணனுக்குப் பேச்சு நின்றிருந்தது. அந்த டாக்டர் “வரேன்” என்று சொன்னபோது கண்ணை மூடித் திறந்தார். விடியற்காலையில் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் முறைப்படி ஒன்றும் சொல்லாமல்தான் எழுந்து போனீர்கள். அதில் குறை இல்லை, அதுதான் வழக்கம். கன்னியம்மா செல்வியை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். செல்வி இப்போது என் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள், பாவாடை தாவணி போட்ட பெண். இருவரும் அண்ணனின் காலடியில் வெகுநேரம் நின்றார்கள். கிளம்பும்போது கன்னியம்மா வாய்விட்டு, “வரேன் சார்” என்றாள்.

எங்கள் அத்தை பதறிப்போனார். “அய்யய்யோ, இன்னா பொம்பள நீ, சாவு ஊட்ல வந்து வரேன்னு சொல்ற?”

“அவருகிட்ட சொல்லாம நான் எப்டிம்மா போவேன்? உடமாட்டாரே” என்றாள் கன்னியம்மா.

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

தவறாமல் வந்த பூந்தமல்லி டாக்டருக்கும், அன்று வண்டியை நிறுத்திய, பெயர்கூடக் கேட்டுவைக்காத அந்தப் பால் வண்டிக்காரருக்கும், அண்ணி இடிந்துபோய் இருந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், தூரம் பாராமல் வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

ஓராண்டு முடிந்துவிட்டது. இது இனி சாவு வீடு அல்ல. இந்த மலரைக் கையில் வாங்கிக்கொண்டு, சாப்பிட்டு முடித்து, நீங்கள் கிளம்பும்போது நான் வாசலில்தான் நின்றிருப்பேன். பேசாமல் நழுவிவிடாதீர்கள். அண்ணனின் பயம் இப்போது எனக்கு வந்துவிட்டது. வரேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.